புலி: சடை வளர்த்த ஹங்கேரிய மேய்ச்சல் நாயை வளர்க்க நினைப்பவர்களுக்கு

தரை துடைக்கும் மாப்புக்குக் கால் முளைத்து ஓடுவது போல ஒரு கறுப்பு நாயை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கலாம். உடம்பு முழுக்கச் சடை. அசையாமல் நின்றால் முகம் எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க் 2011-இல் வாங்கிய 'பீஸ்ட்' இந்த இனம்தான். ஹங்கேரிய மொழியில் இதன் பெயர் 'புலி'. நம் ஊர்ப் புலியை எப்படி உச்சரிக்கிறோமோ கிட்டத்தட்ட அதே ஒலி. காட்டுப் புலிக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும்.

இந்த நாயைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் சடையைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். சடைக்குள் இருப்பதோ முழுநேர வேலைக்கார நாய். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் இரண்டு பக்கமும் துன்பம். ஆகவே இங்கே முதலில் நாயைப் பற்றிப் பேசுகிறேன், முடியைப் பற்றி அப்புறம்.

முதல் படி: ஐந்தில் எது புலி என்று அறிவது

ஹங்கேரியின் மந்தைகளோடு வாழ்ந்த நாய் இனங்கள் ஐந்து: கோமொண்டோர், குவாஸ், புலி, புமி, முதி. சர்வதேச நாய் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் பட்டியலில் முதல் நான்கும் 53 முதல் 56 வரை வரிசையாக நிற்கின்றன. முதி பின்னால் சேர்ந்ததால் அதன் எண் 238.

கோமொண்டோரும் குவாஸும் காவல் நாய்கள். இரண்டும் பெரியவை, வெள்ளை நிறம். கோமொண்டோர் கடுவன் 70 செ.மீ. உயரத்துக்குக் குறையாது, எடை 50 முதல் 60 கிலோ. அதற்கும் சடை உண்டு என்பதால் புலியைக் 'குட்டிக் கோமொண்டோர்' என்று நினைப்பவர்கள் நிறைய. இது தவறு, இரண்டின் வேலையும் வேறு. இருட்டிய பிறகு மந்தையோடு மந்தையாகப் படுத்திருந்து, ஓநாயோ திருடனோ வந்தால் எழுந்து எதிர்ப்பது காவல் நாயின் பொறுப்பு. பகலில் ஆட்டை ஓட்டுவது, திருப்புவது, பிரிந்து போனதை மடக்கிச் சேர்ப்பது மேய்ச்சல் நாயின் பொறுப்பு. புலி, புமி, முதி மூன்றும் இந்த இரண்டாம் வகை.

நிறத்திலும் இந்த வேறுபாடு தெரியும். வெள்ளைக் காவல் நாய் ஆடுகளுக்கு நடுவே மறைந்துகொள்ளும். கறுப்புப் புலி அதே ஆடுகளுக்கு நடுவே எங்கே ஓடுகிறது என்று மேய்ப்பருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

மேய்ச்சல் நாய்கள் மூன்றையும் பிரிப்பது எளிது. சடை விழுந்து வால் முதுகின் மேல் சுருண்டிருந்தால் புலி. சுருட்டை முடியோடு, நட்ட காதின் நுனி மட்டும் முன்னால் மடிந்திருந்தால் புமி. முகத்தில் முடி குட்டையாக, காது நேராக, உடம்பில் அலையலையான முடியோடு இருந்தால் முதி. புலியின் அளவு பலரை ஏமாற்றும். பார்க்கப் பெரிய நாய் போல இருக்கும். தடவிப் பார்த்தால் உள்ளே மெலிந்த, தசை இறுகிய சிறிய உடம்பு. கடுவன் 39 முதல் 45 செ.மீ. உயரம், 13 முதல் 15 கிலோ. பெட்டை 36 முதல் 42 செ.மீ., 10 முதல் 13 கிலோ.

நிறம் கறுப்பு மட்டும் என்று எண்ண வேண்டாம். துரு கலந்த கறுப்பு, சாம்பல் படர்ந்த கறுப்பு, முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட மங்கிய மஞ்சள், முத்து வெள்ளை ஆகியவையும் உண்டு. கறுப்பு நாய் வெயிலில் திரிந்தால் சடையின் நுனி துருப்பிடித்த மாதிரி பழுப்பாகும். அது நோய் இல்லை.

இரண்டாம் படி: எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது

வரலாறு நமக்கு எதற்கு என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த நாயின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

மாகியார் மக்கள் கிழக்கிலிருந்து கார்பாத்தியன் மலைகள் சூழ்ந்த சமவெளிக்கு 895-ஆம் ஆண்டு வாக்கில் வந்து சேர்ந்தார்கள். ஆடு, மாடு, குதிரையோடு வந்த கூட்டம் அது. புலியின் மூதாதைகளும் அந்தக் கூட்டத்தோடு நடந்து வந்தவை என்பது ஹங்கேரியர்களின் வழிவழி நம்பிக்கை. திபெத்திய டெரியரின் சாயல் இதில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆசியாவில் பொது மூதாதை இருந்திருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

எங்கிருந்து வந்தாலும், இந்த நாயை இப்படி ஆக்கியது 'புஸ்தா' என்கிற ஹங்கேரியப் புல்வெளிதான். டெப்ரெட்சென் நகருக்கும் திசா ஆற்றுக்கும் நடுவே ஹோர்டோபாஜ் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1973-இல் அது நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மரம் அரிது, நிழல் அரிது, கண்ணுக்கு எட்டிய தூரம் புல். கோடையில் கொதிக்கும், குளிரில் காற்று அறுக்கும். திருகிய நீண்ட கொம்புள்ள ராட்ஸ்கா ஆடும் சாம்பல் நிற மாடும் அங்கே மேயும். நம் ராமநாதபுரத்துப் பக்கம் கிடை போடுகிற கீதாரிகளைப் போல, மந்தையோடே மாதக்கணக்கில் வெளியில் தங்கும் மேய்ப்பர்கள் அங்கே இருந்தார்கள். ஆட்டு மேய்ப்பரை 'யுஹாஸ்' என்பார்கள், மாட்டு மேய்ப்பரைக் 'குயாஷ்' என்பார்கள். உலகமெங்கும் ஹோட்டல்களில் கிடைக்கும் கூலாஷ் குழம்புக்குப் பெயர் வந்தது இந்தக் குயாஷிடமிருந்துதான்.

இப்படிப்பட்ட வெட்டவெளியில் மேய்ப்பருக்குக் கை, கால், குரல் எல்லாமே நாய்தான். நூறு ஆட்டை ஒரு மனிதரால் ஓடி மடக்க முடியாது. புலி சுற்றி ஓடி மடக்கும். மந்தை நெருக்கி அடைத்துக்கொண்டு நின்றால் ஆடுகளின் முதுகு மேலேயே ஏறித் தாவி அந்தப் பக்கம் போய் இறங்கும். எல்லாவற்றுக்கும் குரைக்கும், ஏனென்றால் ஆடு அந்தக் குரலுக்கு நகரும். தூரத்தில் இருந்தால் மேய்ப்பர் சொல்லிக்கொடுக்கவும் முடியாது, நாயே முடிவெடுக்க வேண்டும். நல்ல புலிக்கு ஒரு மேய்ப்பர் ஓராண்டுக் கூலியையே கொடுப்பார் என்று பழங்கதையாகச் சொல்வார்கள். 'புலி நாயே இல்லை, அது புலி' என்பது இன்றும் ஹங்கேரியர்கள் வாயில் வழங்கும் சொல். வளர்த்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும்.

18-ஆம் நூற்றாண்டில் மெரினோ ஆடுகள் மேற்கிலிருந்து ஹங்கேரிக்கு வந்தன. ஆடுகளோடு அவற்றை ஓட்டும் ஜெர்மானிய நாய்களும் வந்தன. உள்ளூர் நாய்களோடு அவை கலந்ததில்தான் புமி பிறந்தது. மேய்ப்பர்கள் வேலை செய்கிற நாயைக் கேட்டார்கள், வம்சத்தைக் கேட்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது பழைய சடைப் புலி கலப்பில் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கால்நடை மருத்துவப் பேராசிரியர் எமில் ரைட்சிட்ஸ் குறுக்கே வந்தார். புடாபெஸ்ட் விலங்குக்காட்சி சாலையை நடத்திய அடோல்ஃப் லெண்டலோடு சேர்ந்து 1912-இல் பழைய புலியை மீட்டெடுக்கும் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார். 1915-இல் இனத்தின் இலக்கணம் எழுதப்பட்டது, 1924-இல் எஃப்.சி.ஐ. அதை ஏற்றுக்கொண்டது. புமியைத் தனி இனமாகப் பிரித்துச் சொன்னவரும் ரைட்சிட்ஸ்தான். முதியைப் பிரித்தவர் டெஷோ ஃபேனியெஷ், அது 1936 வாக்கில். ரைட்சிட்ஸ் பெயர் ஹங்கேரிக்கு வெளியே அதிகம் தெரியாது. இன்று உலகில் எங்கே ஒரு சடைப் புலி ஓடினாலும் அதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1935-இல் மேய்ச்சல் நாய்களை ஆராய்வதற்காக மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் பண்ணைக்கு 4 புலிகளைக் கொண்டுபோனது. மறு ஆண்டே அமெரிக்கக் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தது. ஹங்கேரியில் 2004-இல் நாடாளுமன்றத் தீர்மானம் ஒன்று உள்நாட்டுக் கால்நடைகளையும் நாய் இனங்களையும் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. புலியும் அதில் அடக்கம். நிலவுக்குக் கருவி அனுப்பும் ஹங்கேரிய நிறுவனம் ஒன்று தனக்குப் 'புலி' என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு அது அவர்கள் வீட்டுப் பிள்ளை.

மூன்றாம் படி: குணத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது

இப்போது மேலே சொன்னதையெல்லாம் உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள்.

சுற்றி ஓடி மடக்கும் நாய், வீட்டில் ஓடும் குழந்தைகளையும் மடக்கும். சைக்கிளைத் துரத்தும். குதிகாலைச் செல்லமாகக் கவ்வப் பார்க்கும். தானே முடிவெடுத்துப் பழகிய நாய், நீங்கள் சொன்னதை முதலில் யோசிக்கும், அப்புறம்தான் செய்யும். மந்தையோடும் மேய்ப்பரோடும் மட்டுமே பழகிய நாய், விருந்தாளிகளிடம் உடனே ஒட்டாது. தன் வீட்டாரிடம் மட்டும் அளவற்ற பாசம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நீங்கள் போனால் பின்னாலேயே வரும்.

குரைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புலியை வாங்கிவிட்டு வருந்துவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஹங்கேரிய மேய்ச்சல் நாய்கள் குரலால் வேலை செய்பவை. புடாபெஸ்டின் ஏட்வேஷ் லோரண்ட் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் நாய்களின் நடத்தையை ஆராயும் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் புலியின் சொந்தக்கார இனமான முதியின் குரைப்புகளைப் பதிவு செய்தார்கள்: அந்நியர் வந்தபோது, தனியாகக் கட்டிவைத்தபோது, பந்தைக் காட்டியபோது, விளையாடியபோது என்று வெவ்வேறு வேளைகளில். அதை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினால், நாயே வளர்க்காதவர்கள்கூட இது எந்த வேளைக் குரைப்பு என்று ஓரளவு சரியாகச் சொன்னார்கள். பிறகு 14 நாய்களின் 6000-க்கும் அதிகமான குரைப்புகளைக் கணினியிடம் கொடுத்தபோது, அது 43 சதவீதம் வேளையைச் சரியாகக் கண்டுபிடித்தது. எந்த நாய் குரைத்தது என்பதை 52 சதவீதம் சரியாகச் சொன்னது. ஆக இந்த நாய்கள் வெறுமனே கத்துவதில்லை, ஒவ்வொரு குரைப்பிலும் ஒரு செய்தி இருக்கிறது. உங்களுக்கு அது புரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டாருக்குப் புரிந்தாலும் பிடிக்காது.

வாங்குவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை: தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடையும் ஓட்டமும் கொடுக்க நேரம் இருக்கிறதா? குரைத்தால் சண்டைக்கு வராத அக்கம்பக்கமா? வீட்டில் பெரும்பாலும் யாராவது இருப்பார்களா? 10 முதல் 15 ஆண்டு வரை இது தொடரும், சரியா? முடி வேலைக்காக முதல் இரண்டு ஆண்டு வாரம்தோறும் உட்கார முடியுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்றால் பரவாயில்லை, முடியை வெட்டிவிடலாம். முன்னால் உள்ளவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேறு இனம் பாருங்கள்.

நான்காம் படி: குட்டி பார்ப்பது

குட்டி கறுப்பு உருண்டையாக, அலையலையான மென்முடியோடு இருக்கும். எந்தக் குட்டியைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு வரத் தோன்றும். அதனால் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். தாய் உங்களைக் கண்டு சற்றே விலகி நின்று கவனித்தால் இயல்பு. பதறி ஒளிந்தாலோ சீறினாலோ யோசியுங்கள். தாயின் சடை சுத்தமாக, வாடை இல்லாமல் இருக்கிறதா என்று கிட்டே போய் முகர்ந்து பாருங்கள். வளர்ப்பவர் தன் நாயை எப்படிக் கவனிக்கிறார் என்று அந்த ஒரு மூச்சு சொல்லிவிடும்.

பெற்றோர் இருவருக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, முழங்கால் சில்லு, கண் ஆகியவற்றின் பரிசோதனைச் சான்றுகளைக் கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கால் சில்லு விலகுவதும் கண் நோய்களும் இந்த இனத்தில் பார்க்கப்படுபவை. முதுகுத்தண்டு நலியும் மரபு நோய்க்கான டி.என்.ஏ. பரிசோதனையும் இருந்தால் நல்லது. சான்று காட்டத் தயங்குபவரிடம் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம்.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் நேராக ஹங்கேரியிலிருந்தே குட்டி எடுப்பது நடைமுறையில் முடிகிற காரியம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை தாண்ட மைக்ரோசிப், செல்லப்பிராணிப் பாஸ்போர்ட், ரேபிஸ் தடுப்பூசி மூன்றும் வேண்டும். 12 வாரத்துக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி செல்லாது, போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். எனவே பெரும்பாலும் குட்டி 15 வாரமாகும்போதுதான் உங்கள் கைக்கு வரும். அதுவரை வளர்ப்பவர் வீட்டில் அது என்னென்ன பார்த்துப் பழகியது என்பது ரொம்ப முக்கியம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் ஆண்டு

முதல் சில மாதங்களில் குட்டி பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள், நடக்கிற தரைகள்தான் பிற்பாடு அதன் தைரியம். குடை பிடித்தவர், தாடி வைத்தவர், சக்கர நாற்காலி, லிஃப்ட், பிரஷர் குக்கர் விசில், பேருந்து எல்லாவற்றையும் அமைதியாகக் காட்டுங்கள். யாரையும் வலிந்து தடவ விடாதீர்கள். அது தானாகப் போய் முகர்ந்தால் போதும்.

பயிற்சி என்றால் ஐந்தைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. புலி சீக்கிரம் கற்றுக்கொள்ளும், அதே வேகத்தில் சலித்தும் போகும். ஒரே கட்டளையைப் பத்து முறை சொன்னால் பதினோராவது முறை உங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதட்டினால் மனம் ஒடிந்து ஒதுங்கும் நாய்களும் உண்டு. தின்பண்டமும் பாராட்டும் வைத்துப் பழக்குங்கள். கூப்பிட்டால் வருவது, கவ்வியதை விடுவது, ஓரிடத்தில் அமைதியாகப் படுப்பது, இந்த மூன்றும் முதலில். குரைப்பை அடியோடு நிறுத்தப் பார்க்க வேண்டாம். இரண்டு முறை குரைத்ததும் 'சரி, பார்த்துட்டேன்' என்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, அது உங்களிடம் திரும்பி வந்தால் பரிசு கொடுங்கள். தன் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று தெரிந்தால் அது தணியும்.

இன்னொன்றையும் இதே வயதில் பழக்குங்கள்: பக்கவாட்டில் படுத்து, உடம்பைத் தொட விடுவது. இன்னும் சில மாதத்தில் மணிக்கணக்காக அப்படிப் படுக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: சடை பிரிப்பது

புலியின் முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போன்ற மென்மயிர், மேலே சற்று முரடான நீள மயிர். பெரும்பாலான நாய்களில் உள்மயிர் உதிர்ந்து விழும். புலியில் அது விழாமல் மேல்மயிரோடு பின்னிக்கொள்ளும். அப்படிப் பின்னியதுதான் சடை. யாரும் முறுக்குவதில்லை, எண்ணெயோ மெழுகோ தடவுவதில்லை. ஆனால் தானாக அழகாக விழும் என்று விட்டுவிட்டால் சடை வராது. உடம்பெல்லாம் கம்பளி விரித்த மாதிரி ஒரே அடையாகிவிடும்.

குட்டிப் பருவத்தில் முடியைச் சீவிவிடலாம். எட்டு முதல் பத்து மாதத்தில் உள்மயிர் அடர்ந்து, ஒருநாள் தடவும்போது தோலுக்கு அருகே கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அன்றோடு சீப்பை எடுத்து வைத்துவிடுங்கள். இனி வேலை விரல்களுக்கு.

நாயைப் படுக்க வைத்து ஓர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கெட்டியான ஒரு தட்டைப் பிடித்து, தோல் தெரியும் வரை பிரித்துப் பாருங்கள். முடி இயல்பாகவே சிறு சிறு கொத்தாகப் பிரிய வழிவிடும், அந்த வழியிலேயே இரண்டு கையாலும் தோலிலிருந்து நுனி நோக்கிக் கிழியுங்கள். தோல் பக்கம் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் நாய்க்கு வலிக்காது. ஒவ்வொரு சடையின் அடியும் பென்சில் பருமனிலிருந்து சுண்டுவிரல் பருமன் வரை இருந்தால் போதும். மெல்லிதாகப் பிரித்தால் நாளடைவில் கனம் தாங்காமல் அறுந்து விழும். தடியாக விட்டால் குளித்த பிறகு காயாது. விரலுக்கு மசியாத தட்டைக் கத்தரியால் நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டிப் பிரிக்கலாம், குறுக்கே வெட்டக் கூடாது.

முழு உடம்பையும் முதல் தடவை பிரிக்கப் பல மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இன்று முதுகு, நாளை தொடை என்று பகிர்ந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் மாலையில் பூத்தொடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி வேலை இது. கை தன்பாட்டில் ஓடும், நாயும் தூங்கிவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை தோலோடு ஒட்டிப் புதிதாகப் பின்னியதை மட்டும் பிரித்தால் போதும். காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, பட்டை உரசும் கழுத்து ஆகிய இடங்கள்தான் முதலில் அடையாகும். இரண்டு வயதில் சடை உருவம் தெளிவாகும். நான்கைந்து வயதில் தரையைத் தொடும். பிட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் 20 முதல் 30 செ.மீ., தலையிலும் பாதத்திலும் 10 முதல் 12 செ.மீ. என்பது எஃப்.சி.ஐ. சொல்லும் அளவு.

கண்ணை மறைக்கும் சடையை வெட்டினால் நாய் குருடாகிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். தளர்வான ரப்பர் வளையத்தால் தலையின் மேல் கட்டிவிடலாம், கொஞ்சம் வெட்டியும் விடலாம்.

ஏழாம் படி: குளியலும் காயவைப்பதும்

குளிப்பாட்டுவது கடினம் இல்லை. காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளர்ந்த புலி முழுவதும் காய ஒரு நாள் ஆகும், அடர்ந்த சடை என்றால் இரண்டு நாள்கூட ஆகும். உள்ளே ஈரம் நின்றால் பூசணம் பிடித்து வாடை வரும். அந்த வாடை சடைக்குள் போய்விட்டால் வெட்டி எறிவதைத் தவிர வழி இருக்காது. ஆகவே அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம். குளிப்பாட்டுகிற நாளைக் காற்றும் வெயிலும் பார்த்துக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சடைக்குள் தண்ணீர் இறங்கவே நேரம் எடுக்கும், பொறுமையாக நனையுங்கள். ஷாம்பூவை நேரே தலையில் ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றுங்கள். தேய்க்காதீர்கள், பிசையாதீர்கள். கம்பளித் துணியைத் துவைப்பது போல ஒவ்வொரு கைப்பிடியாக அழுத்தி அழுத்தி விடுங்கள். பிறகு அலசல். போதும் என்று தோன்றுகிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு அலசுங்கள். நுரை தங்கினால் தோல் அரிக்கும், அழுக்கும் சீக்கிரம் ஒட்டும். பிழிந்து, ஐந்தாறு துவாலையால் ஒற்றி எடுத்து, இரண்டு மின்விசிறிக்கு நடுவே படுக்க வையுங்கள். மாலையில் சடையின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பாத விரல்களுக்கு இடையேயும் ஆசன வாயைச் சுற்றியும் உள்ள முடியைக் குட்டையாக வெட்டியே வைத்திருங்கள். கடுவனுக்கு வயிற்றுச் சடையில் சிறுநீர் படும், அதை மட்டும் தனியாக அலசித் துடைக்கலாம். சாப்பிட்டதும் தாடியைத் துடையுங்கள். புல்வெளியில் ஓடிவிட்டு வந்தால் ஒட்டுப்புல், உண்ணி இரண்டையும் தோல் வரை தேடுங்கள். சடை இவற்றை நன்றாக மறைத்துக்கொள்ளும்.

வெயில் ஊரில் என்ன செய்வது

ஹங்கேரியிலேயே பழைய மேய்ப்பர்கள் வசந்தத்தில் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும்போது புலிக்கும் சேர்த்துக் கத்தரித்து விடுவதுண்டு. கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு முடியை இரண்டு மூன்று செ.மீ. அளவில் வைத்துக்கொள்வது எந்தக் குற்றமும் இல்லை. தோல் தெரியச் சிரைக்க மட்டும் வேண்டாம், வெயில் சுட்டுவிடும். வெட்டிய புலியும் அதே ஓட்டம் ஓடும், அதே குரல் கொடுக்கும். என்னைக் கேட்டால், புதிதாக நாய் வளர்ப்பவர்கள் முதல் ஓராண்டு இப்படியே வைத்திருந்து, நாயோடு வாழப் பழகிக்கொண்டு, அப்புறம் சடைக்கு விடலாம்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் முழுச்சடைப் புலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பத்தைவிடவும் காற்றின் ஈரம்தான் தடை, சடை காயவே காயாது. தவிர, வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2016-இல் தடுத்துவிட்டது. ஆகவே யாராவது 'அசல் ஹங்கேரிப் புலிக்குட்டி' என்று இந்தியாவில் விற்றால் பெற்றோரின் பதிவுத்தாள்களைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: வேலை கொடுப்பது

வீட்டில் ஆடு இல்லாவிட்டாலும் புலிக்கு வேலை வேண்டும். தடை தாண்டும் அஜிலிட்டி விளையாட்டு இதற்கு இயற்கையாக வரும். எட்டு வைப்பதே குறுகிய, வேகமான அடிகளாக, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய நாய் இது. ஒளித்துவைத்த பொருளை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பது, பெயர் சொன்னால் அந்தப் பொம்மையை எடுத்து வருவது, மாலையில் வீட்டில் எல்லோரையும் ஓர் அறைக்குக் கூட்டிவரச் சொல்வது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். உங்கள் நாட்டில் மேய்ச்சல் நாய்களுக்கு ஆடுகளோடு பழக்கும் பண்ணைகள் இருந்தால் ஒருமுறை அழைத்துப் போங்கள். பல தலைமுறையாக ஆட்டையே பார்க்காத நாய்கூடச் சில நிமிடத்தில் தானாகச் சுற்றி ஓடத் தொடங்குவதுண்டு.

குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் முடிந்தால் ஹோர்டோபாஜுக்கே ஒரு தடவை போய் வாருங்கள். 1833-இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுக் கல்பாலம் ஊருக்குள் இருக்கிறது, அதிலிருந்து கொஞ்ச தூரம் போனால் புல்வெளி. அங்கே மந்தையோடு புலி ஓடுவதைப் பார்க்கக் கிடைத்தால் அரை நாள் நில்லுங்கள். சடையைப் பார்க்காதீர்கள், ஓர் ஆடு கூட்டத்தை விட்டு விலகும் நொடியில் நாயின் கால்களைப் பாருங்கள். வேலை முடிந்து அது மேய்ப்பரின் காலடியில் வந்து படுத்ததும், குரைப்பையும் ஈரச் சடையையும் பற்றி அவரிடம் கேளுங்கள்.